கருகிய ரொட்டியும் காலி டேங்கும்

சனிக்கிழமை. மாலை 4.55.

பப்பின் சொந்தக்காரி பின்மூலை டேங்கின் வால்வைத் திறந்து அடியில் ஒரு கிளாஸைப் பிடித்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. பீர் வரவில்லை. இன்னும் ஒரு சுற்று திறந்தாள். இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். டேங்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். வெறும் குடத்தைத் தட்டியதுபோல் கணீரென்றது.

நூறு லிட்டர் கறுப்பு பீர். எட்டு வாரம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த பீர். ஆறு மணிக்குப் பீர் காய்ச்சுவோர் சங்கத்து நடுவர்கள் மூன்று பேர் வந்து இந்த வருஷப் போட்டிக்காக ருசி பார்க்க வேண்டிய பீர்.

அவள் போட்ட சத்தத்தில், ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மூவரும் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தர் பஸ் டிரைவர். ஒருத்தி கணக்கு டீச்சர். மூன்றாமவள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். பார்வைக் கண்ணாடிகளைத் தேய்த்துத் தேய்த்தே அவளுக்கு எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வாய் வலிக்கிறது என்று நண்பர்கள் அதைப் பூதம் என்று சுருக்கிவிட்டார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். தெருவில் எது காணாமல் போனாலும், போலீசுக்கு முன்னால் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள்.

பப்காரிக்கும் பட்டப்பெயர் உண்டு. பள்ளிக்கூட லேபில் சோடா மாவில் எதையோ ஊற்றி மேஜை முழுக்கப் பொங்க வைத்த நாளிலிருந்து அவள் நுரை.

"யாரோ திறந்து விட்டிருக்காங்க," என்றாள் நுரை. குரல் நடுங்கவில்லை, முகத்தில்தான் ஈயாடவில்லை. "வாசனையைப் பாருடி பூதம். காப்பிக்கொட்டை வறுத்த மாதிரி. அத்தனையும் சாக்கடைக்குப் போயிடுச்சு."

பூதம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். தரை ஈரம். ஆனால் ஒரு சொட்டு பீர் தேங்கி நிற்கவில்லை. யாரோ தண்ணீர் அடித்துக் கழுவி, ஓரம் வரைக்கும் தள்ளிவிட்டிருந்தார்கள். ஹோஸ் பைப் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்துச் சமையலறையிலிருந்தோ என்னவோ, முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரின் வாடை லேசாக வந்துகொண்டிருந்தது.

டேங்குக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், ஒரு கிளாஸ் இருந்தது. முக்கால் கிளாஸ் கறுப்பு பீர். ஒரு வாய் குடித்த அடையாளம். நுரையே இல்லை. உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பூதம் அதைத் தொடாமல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் நுரை. "நெட்டைதான். வேற யாரு?"

நெட்டை அவளிடம் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். பார்லி மூட்டை தூக்குவதிலிருந்து டேங்க் கழுவுவது வரை அவர் கை படாத இடம் இங்கே கிடையாது. நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். வியாழக்கிழமை நுரையோடு வாய்த்தகராறு. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார்.

"நான் பார்த்தேன்," என்றாள் டீச்சர். சொல்ல மனசில்லாமல்தான் சொன்னாள். "ஜன்னல் வழியா. 4.25க்குப் பின்வாசல்ல நுழைஞ்சாரு. அஞ்சு நிமிஷத்துல பையோட வெளிய போனாரு."

"அடுத்த பஸ் 5.10க்குத்தான்," என்றார் டிரைவர். "இன்னும் ஸ்டாப்புலதான் நிப்பாரு. கூட்டிட்டு வர்றேன்."

நுரை போனை எடுத்தாள். பூதம் அதன்மேல் கை வைத்தாள்.

"போலீசா?"

"பின்ன, பூச்செண்டா அனுப்புவாங்க?"

"அரை மணி நேரம் குடு. அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. பீர் கொட்டினவன்னு பேர் வாங்கினா இந்த ஊர்ல எவன் வேலை குடுப்பான்?"

நுரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சரை வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

மாலை 5.00.

பூதம் தங்கள் மேஜைக்கே திரும்பிவந்து உட்கார்ந்தாள். நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

நடுவர்கள் வருவதால் அன்று ஆறு மணி வரை வெளியாட்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. நண்பர்கள் மட்டும் வழக்கம்போல நாலு மணிக்கு வந்து ஜன்னலோர மேஜையைப் பிடித்திருந்தார்கள். கரும்பலகையில் நுரையின் புருஷன் கையெழுத்தில் அன்றைய சாப்பாடு: வெங்காய சூப், வறுத்த மீன், உருளைக்கிழங்கு, சுட்ட ரொட்டி. சமையல் முழுக்க அவர் பொறுப்பு. பீர் முழுக்க அவள் பொறுப்பு. ஒருத்தர் எல்லையில் மற்றவர் கால் வைப்பதில்லை.

4.10க்கு நுரை வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். 4.50 வரை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தாள் என்றால் பேசினாள் என்று அர்த்தம். டிரைவர் குடித்து வைத்த கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"பாரு, அஞ்சு வாய்ல முடிச்சிருக்க. அஞ்சு வளையம். பஸ்ஸப் புடிக்கப் போறவன் மாதிரி குடிக்கிற."

"பஸ்ஸே நான்தானே ஓட்டுறேன்," என்றார் டிரைவர்.

சுத்தமான கிளாஸில் நல்ல பீர் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையத்தை விட்டுப்போகும். அதுதான் அவள் பெருமை. கிளாஸில் மயிரிழை அளவு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை செத்துப்போகும், வளையம் விழாது. அதனால் பார் கிளாஸ்களை அவளே தனியாகக் கழுவி, தனி ரேக்கில் கவிழ்த்து வைப்பாள். சுவரில் பெரிதாக எழுதியே ஒட்டியிருக்கிறாள்: 'சமையலறைக்குப் போன கிளாஸ் பாருக்குத் திரும்பி வராது.' சமையலறையிலும் அதே மாதிரி கிளாஸ்கள்தான், ஆனால் அவை தண்ணீர் குடிக்க மட்டும்.

"நடுவருங்க இருக்காங்களே," என்று அவள் தொடர்ந்தாள், "ஒரே ஒரு வாய்தான். ஒரு வளையம். மீதியை அப்படியே வச்சிட்டு எழுந்திருச்சிடுவாங்க. போன வருஷம் எனக்கு முதல் பரிசு குடுத்தப்பகூட ஒரு வாய்க்கு மேல தொடல."

அந்தக் கதையின் நடுவில்தான் கருகல். அப்போது 4.40. டிரைவர் மூக்கை உறிஞ்சினார். டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். நுரை நடுவர்களிலேயே மூழ்கியிருந்தாள். சமையலறைத் திரைக்கு மேலே புகை தெரிந்த பிறகுதான், "ஐயையோ, என்னங்க, புகையுது," என்று கத்தினாள். கொஞ்சம் பொறுத்து அவள் புருஷன் ஒரு தட்டு ரொட்டியோடு வந்தார். பாதி ரொட்டி கரி.

"கொஞ்சம் கருகிடுச்சு. மன்னிச்சுக்கங்க," என்றார். முன்கை இரண்டும் ஈரமாக இருந்தது. சமையல்காரர் கை ஈரமாக இருப்பதில் என்ன அதிசயம் என்று அப்போது பூதம் விட்டுவிட்டாள்.

மாலை 5.06. சமையலறை.

"அண்ணா, 4.25க்கு அப்புறம் எங்க இருந்தீங்க?"

"இங்கதான்மா."

"நகரவே இல்லையா?"

"மூணு அடுப்பு எரியுது. எங்க நகர்றது?"

"நெட்டை வந்தாரா?"

"வந்தான். பூட்ஸ் எடுத்தான். போனான்."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

ஏற்கெனவே பளபளவென்று இருந்த மேடையை அவர் மறுபடியும் துடைத்தார். "பெருசா ஒண்ணும் இல்ல."

மாலை 5.12. ஹால்.

நெட்டை கதவருகிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தோளில் துணிப்பை, பையில் ரப்பர் பூட்ஸ். காலில் போட்டிருந்த கான்வாஸ் ஷூ காய்ந்து கிடந்தது.

"டேங்க் ரூமுக்குப் போனீங்களா?"

"பூட்ஸ் அங்கதான இருந்துச்சு. போனேன்."

"பின்மூலை டேங்கைத் தொட்டீங்களா?"

"இல்ல."

"வேலையை ஏன் விட்டீங்க?"

நெட்டை நுரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அது எனக்கும் அக்காவுக்கும் உள்ள பேச்சு. வெளிய சொல்றதுக்கில்ல."

"நான் சொல்றேன்," என்றாள் நுரை. "என்னை விட இவருக்கு நாக்கு நீளமாம். என் பீருக்கு இவர் மார்க் போட வந்துட்டார்."

நெட்டை உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டார். அவர் நின்ற நிலையில் பயம் தெரியவில்லை, ரோஷம்தான் தெரிந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றாள் பூதம். "டேங்க்ல ருசி பார்க்கணும்னா எந்த கிளாஸ் எடுப்பீங்க?"

பல்லைத் தேய்ப்பீர்களா என்று கேட்டதுபோல் நெட்டை அவளை முறைத்தார். "பார் ரேக்ல இருந்து. வேற எங்க இருந்து எடுப்பாங்க?"

மாலை 5.18.

பூதம் தனியாக டேங்க் ரூமுக்குப் போனாள். ஜன்னல் விளிம்பிலிருந்த கிளாஸைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கினாள். வெளிச்சம் அதன் வழியாக மங்கலாகத்தான் வந்தது. முகர்ந்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரும்பலகை ஞாபகம் வந்தது. வெங்காயம், மீன், உருளைக்கிழங்கு, ரொட்டி.

காலி பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்றும் தெரிந்துவிட்டது. இவ்வளவு நாள் அவள் கண்டுபிடித்ததெல்லாம் காணாமல் போன சைக்கிள், மோதிரம், ஒரு கிளி. கண்டுபிடித்துச் சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். இதைச் சொன்னால் தன் உயிர்த்தோழி எல்லோர் முன்னாலும் தலைகுனிவாள். சொல்லாவிட்டால் பதினாலு வருஷம் உழைத்த மனுஷன் தலைகுனிவார். கூட்டிக் கழித்துப் பார்க்க நேரமில்லை. மணி 5.26.

அவள் கிளாஸோடு எழுந்தாள்.

மாலை 5.28.

ஆறு பேரும் ஜன்னலோர மேஜையைச் சுற்றி இருந்தார்கள். நெட்டை இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தார். நுரையின் கையில் போன் இருந்தது.

"நெட்டை இதைச் செய்யல," என்றாள் பூதம். "உன்மேல கோபத்துல பீரைக் கொட்டுறவன் திறந்து விட்டுட்டு ஓடுவான். வால்வை மூடி, தரையைக் கழுவி, ஹோஸைச் சுருட்டி வச்சிட்டா போவான்? இவர் உள்ள இருந்ததே அஞ்சு நிமிஷம். ஷூ ஒரு பொட்டு நனையல."

"தள்ளி நின்னு கொட்டியிருக்கலாம்," என்றார் டிரைவர்.

"இருக்கலாம். அப்ப இந்த கிளாஸ்?" அதை மேஜைமேல் வைத்தாள். "கொட்டினவர் முதல்ல ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருக்கார். வளையம் இல்ல. நுரை இல்ல. குமிழி எல்லாம் சுவர்ல ஒட்டியிருக்கு. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட கிளாஸ்லதான் அப்படி ஒட்டும். இதைவிட மெல்லிசான பிசுக்கை நான் தினமும் கண்ணாடியில துடைக்கிறேன். இது பார் கிளாஸ் இல்ல. சமையலறை கிளாஸ். நெட்டை தூக்கத்துலகூட அந்தத் தப்பைப் பண்ண மாட்டார்."

 நெட்டையின் முகவாய் கொஞ்சம் உயர்ந்தது. பூதம் நுரையின் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் சாப்பிட வர்ற இத்தனை வருஷத்துல, இந்த வீட்ல ரொட்டி கருகி நான் பார்த்ததில்ல. அடுப்பை விட்டு நகராத ஆளோட ரொட்டி எப்படிக் கருகும்? இன்னிக்கு உங்க முன்கை வரைக்கும் எப்படி ஈரமாச்சு? சொல்லுங்கண்ணா."

புருஷன் கண்ணை மூடித் திறந்தார். "நான்தான்."

நுரை போனை மேஜைமேல் வைத்தாள். ரொம்ப மெதுவாக வைத்தாள். "நீங்களா?"

"கை தவறிடுச்சு."

"நூறு லிட்டரா கை தவறிடுச்சு? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எட்டு வாரம் நான் அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அதைப் போய்... ஏங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு குடும்பம் விரிசல் விடுவதை மேஜையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"அது கெட்டுப்போயிருந்துச்சு, நுரை," என்றாள் பூதம்.

"கெட்டுப்போச்சா? காலையில நான் முகர்ந்து பார்த்தேன். காப்பிக்கொட்டை மாதிரி இருந்துச்சு. உன்கிட்டகூட சொன்னேனே."

"சொன்ன. அதுதான் நான் கோட்டை விட்ட இடம். நீ காப்பிங்கற. எனக்கு அங்க முட்டைக்கோஸ் வேகவச்ச வாடை அடிச்சுது. சமையலறையில இருந்து வருதுன்னு இருந்துட்டேன். பலகையில முட்டைக்கோஸே இல்ல." பூதம் கொஞ்சம் நிறுத்தினாள். "இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அது நான் சொல்ல வேண்டியது இல்ல. எனக்கு அந்த உரிமையும் இல்ல."

மேஜைமேல் இருந்த கிளாஸின் வாடை இப்போது எல்லோருக்கும் எட்டியிருந்தது. டீச்சர் கைக்குட்டையைத் தேடினாள். டிரைவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். நுரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கிளாஸை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். ஆழமாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஆறு வாரமாச்சு," என்றாள். "அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியல. கசப்பு, இனிப்பு தெரியுது. அவ்வளவுதான். திரும்பி வந்துடும், வந்துடும்னு இருந்தேன். நுரையைப் பார்த்தே சமாளிச்சேன்."

"எனக்குத் தெரியும்," என்றார் அவள் புருஷன்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு அடுப்புல கேஸ் திறந்தே கிடந்துச்சு. நீ பக்கத்துல நின்னு பாட்டுப் பாடிக்கிட்டிருந்த. நீயே சொல்லட்டும்னு இருந்தேன்." அவர் நெட்டையைப் பார்த்தார். "இன்னிக்கு இவன்தான் போறப்ப சொன்னான். அண்ணா, கறுப்பை நடுவருங்களுக்கு வைக்காதீங்க, அக்கா பேர் போயிடும்னு. கைக்குக் கிடைச்ச கிளாஸ்ல புடிச்சுப் பார்த்தேன். வாய்ல வைக்க முடியல. கெட்டுப்போச்சுன்னு சொன்னா உன்னைத்தான் சொல்லுவாங்க. திருட்டுப்போச்சுன்னா யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நினைச்சேன்."

"அதுக்கு இவர் பலியா?" என்றாள் பூதம். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "இருபது நிமிஷமா இவர் நிக்கிறார். நீங்க மேடையைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க."

"போலீஸ் வந்தா ஒத்துக்கலாம்னு..." அவர் எழுந்து நெட்டையின் எதிரில் போய் நின்றார். "தப்புடா. பெரிய தப்பு."

நெட்டை தலையை மட்டும் அசைத்தார்.

நுரை எழுந்தாள். அவளும் நெட்டையின் எதிரில்தான் போய் நின்றாள். "வியாழக்கிழமை நீ சொன்னது சரி. நான் கத்தினது தப்பு. அத்தனை பேச்சு பேசியும், இப்பகூட என்னைக் காட்டிக்குடுக்காம நின்ன. ஏன்?"

"பதினாலு வருஷம் உங்க பீர்னு சொல்லித்தான்கா ஊர்ல தலை நிமிர்ந்து நடந்தேன்," என்றார் நெட்டை. "அதை நானே எப்படிக் கெடுப்பேன்?"

சொல்லிவிட்டு, பையை இறக்கி வைத்து, முதல்முறையாக உட்கார்ந்தார்.

மாலை 5.50.

"உடம்பு சரியில்லன்னு சொல்லி இன்னிக்கு வேண்டாம்னு அனுப்பிடலாம்," என்றாள் டீச்சர்.

"எதுக்கு?" என்றாள் நுரை. முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். தலைமுடியை இழுத்து முடிந்திருந்தாள். "கதவைத் திறங்க."

மாலை 6.00.

நடுவர்கள் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் வெள்ளைத் தாடிக்காரர், குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். நுரை அவர்கள் எதிரில் போய் நிமிர்ந்து நின்றாள்.

"கறுப்பு இந்த வருஷம் இல்லீங்க. கெட்டுப்போச்சு. கொட்டிட்டோம்."

தாடிக்காரர் புருவத்தைத் தூக்கினார். "பூராவுமா?"

"பூராவும். எனக்கு இப்ப வாசனை தெரியறதில்ல, காய்ச்சலுக்கு அப்புறம். நான் கவனிக்கல. எங்க வீட்டு ஆளுங்க கவனிச்சாங்க. கெட்ட பீர் இந்த வீட்ல கிளாஸ்ல விழாது."

கொட்டிட்டோம். அந்தச் சொல்லில் புருஷன் செய்ததைத் தன் தோளிலும் தூக்கி வைத்துக்கொண்டாள். சமையலறைத் திரைக்குப் பின்னால் அவர் அசையாமல் நின்றது பூதத்துக்குத் தெரிந்தது. தோழியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இவளோடு ஒரே வகுப்பில் படித்தேன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"போட்டியில சேர்க்க முடியாதும்மா," என்றார் தாடிக்காரர். "பேரை எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க. ஆனா இவ்வளவு தூரம் வந்தவங்களை வெறும் வாயோட அனுப்புற வழக்கம் இங்க இல்ல. தினமும் தெருக்காரங்க குடிக்கிற பீர் இருக்கு."

பார் ரேக்கிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து முன்டேங்கில் பிடித்தாள். அதை நெட்டையிடம் நீட்டினாள். எல்லோரும் பார்க்கத்தான் நீட்டினாள்.

"முகர்ந்து சொல்லு."

நெட்டை முகர்ந்தார். அவசரப்படவில்லை. "நல்லா இருக்குக்கா. புதுசா அறுத்த புல்லு மாதிரி. கொஞ்சம் தேன்."

அதன் பிறகுதான் நடுவர்களுக்குப் போனது.

மாலை 6.40.

குறிப்புப் புத்தகத்தில் எதுவும் எழுதாமலே நடுவர்கள் விடைபெற்றுப் போனார்கள். மூவரில் இரண்டு பேர் வழக்கம்போல ஒரு வாயோடு நிறுத்தியிருந்தார்கள். தாடிக்காரரின் கிளாஸ் காலியாக இருந்தது.

துடைக்க வந்த டிரைவரை நுரை கையமர்த்தினாள். அந்த கிளாஸை எடுத்து, ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பூதமும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். நுரை வளையங்களை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

ஒன்பது.